ருசி பார்த்துட்டு உப்புப் போடு!

சந்தோஷப் பயிற்சிகள்: எது எதுக்கு, எத்தனை நாள், எங்கே ஏமாறுவோம்? அக்கா சொல்றேன்...

ஜனவரி ஒண்ணாம் தேதி கெட்டி அட்டை போட்ட டைரி ஒண்ணு வாங்கினே. தினமும் ராத்திரி பத்து நன்றி எழுதணும்னு முடிவெடுத்தே. ஒன்பதாம் தேதி வரைக்கும் எழுதினே. பத்தாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல். இப்போ அந்த டைரியில பால் கணக்கும், சிலிண்டர் புக் பண்ணின தேதியும் இருக்கு. சரிதானே?

எப்படித் தெரியும்னு முழிக்காதே. என் டைரிக்கும் அதே கதிதான். எனக்குப் பதினோராம் தேதி வரைக்கும் ஓடிச்சு. கடைசி ரெண்டு நாள் எழுதினதைப் படிச்சா எனக்கே சிரிப்பு வருது: 'தண்ணி வந்தது. கரண்ட் போகலை. தண்ணி வந்தது.'

சோம்பேறின்னு உன்னை நீயே திட்டிக்காதே. தப்பு வேற இடத்துல இருக்கு. சந்தோஷம்னா ஒரே சரக்குன்னு நினைச்சோம் பாரு, அதுதான் தப்பு. குழம்புல உப்பு குறையுதா புளி குறையுதான்னு உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுப் பார்க்காம, கைக்குக் கிடைச்ச டப்பாவைத் திறந்து கொட்டினா குழம்பு என்ன ஆகும்? யூடியூப்ல பார்த்த பயிற்சியையெல்லாம் நாம அப்படித்தான் கொட்டுறோம். ஒவ்வொரு பயிற்சியும் ஒவ்வொரு விதமான சந்தோஷத்துக்கு. முதல்ல எது குறையுதுன்னு பாரு. அப்புறம் போடு.

முதல்ல நாலையும் பிரிச்சு வை

அமெரிக்காவுல மார்ட்டின் செலிக்மன்னு ஒரு உளவியல் பேராசிரியர். 1998-ல அந்த ஊர் உளவியல் சங்கத்துக்குத் தலைவரா இருந்தப்போ, 'மனசுல என்ன நோய்னே எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருக்கிறது, மனசு நல்லா இருக்கிறது எப்படின்னும் பார்ப்போம்'னு ஒரு பாதையைத் திறந்துவிட்டார். நேர்மறை உளவியல்னு இப்போ எல்லாரும் சொல்றது அதைத்தான். 2002-ல எழுதின புத்தகத்துல அவர் சந்தோஷத்தை மூணாப் பிரிச்சார். எட் டீனர்னு இன்னொருத்தர் அதுக்கு முன்னாடியே 'வாழ்க்கைத் திருப்தி'யைத் தனியா அளந்து காட்டியிருந்தார். ரெண்டு பேர் கணக்கையும் சேர்த்து நான் நாலு டப்பாவா வெச்சிருக்கேன்.

1. நிமிஷ சந்தோஷம்: சூடான காபி, மழை, தோழியோட அரட்டை. வந்த வேகத்துல போயிடும்.
2. திருப்தி: சாயங்காலம் உட்கார்ந்து யோசிச்சா, 'பரவாயில்லை, நல்லாத்தான் ஓடுது'ன்னு வர்ற தீர்ப்பு.
3. மூழ்குற சந்தோஷம்: தையல் மெஷின்ல உட்கார்ந்தா மணி போறதே தெரியாது பாரு, அது.
4. அர்த்தம்: நாம இருக்கிறதுல நாலு பேருக்குப் பிரயோஜனம் இருக்குங்கிற நினைப்பு.

ஒண்ணை நல்லா மனசுல வாங்கிக்கோ. ஒரு டப்பா நிறையும்போது இன்னொண்ணு குறையலாம். 2004-ல டேனியல் கானமன் குழு டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட, முந்தின நாளை மணி மணியா நினைச்சுப் பார்த்து, எந்த வேலையில எப்படி இருந்துதுன்னு எழுதச் சொன்னாங்க. நண்பர்களோட இருந்த நேரம் மேலே நின்னுது. ஆபீஸ் பயணம் அடியில. குழந்தையைப் பார்த்துக்கிற நேரம்? அதுவும் கீழ்ப் பக்கம்தான்! அதுக்காக அந்த அம்மாக்களுக்குக் குழந்தை மேல பாசம் இல்லைன்னு அர்த்தமா? சோறு ஊட்டுற அந்த அரை மணி நேரம் நிமிஷ சந்தோஷத்தைச் சுரண்டும், அர்த்தத்தை நிரப்பும். 'குழந்தையோட இருக்கும்போதும் சலிப்பா இருக்கே, நான் நல்ல அம்மா இல்லையோ'ன்னு ராத்திரி அழுறதை இன்னையோட விடு.

எது குறையுது? ரெண்டு நிமிஷம் போதும்

- நாள் முழுக்க ஓடுறே, எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது, ஆனா என்ன சாப்பிட்டேன்னுகூட ஞாபகம் இல்லை. நிமிஷ சந்தோஷம் குறையுது. டிப்ஸ் 1, 2-க்குப் போ.
- வீடு, வேலை எல்லாம் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரி ஸ்கூட்டி வாங்கினா வயிறு எரியுது. திருப்தி குறையுது. டிப்ஸ் 3, 4.
- சும்மா இருக்க நேரம் கிடைச்சாலும் போனைத் தள்ளித் தள்ளியே போயிடுது, எதுலயும் மனசு ஒட்டலை. மூழ்குறது குறையுது. டிப்ஸ் 5, 6.
- எல்லாம் இருக்கு, ஆனா 'இதெல்லாம் யாருக்காக'ன்னு தோணுது. அர்த்தம் குறையுது. டிப்ஸ் 7, 8.

நாலும் குறையுதுன்னு சொல்றியா? அப்போ தூக்கத்தைப் பாரு, ரத்தசோகை இருக்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோ. உடம்புல தெம்பில்லாதப்போ மனசுக்கு டிப்ஸ் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

நிமிஷ சந்தோஷத்துக்கு

டிப்ஸ் 1: ஒரு காபியை ஒழுங்காக் குடி

நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை ருசிச்சு செய். டம்ளரைக் கையில பிடி, சூடு தெரியட்டும், வாசனை தெரியட்டும், முதல் வாய் நாக்குல கொஞ்சம் நிக்கட்டும். அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷமும் போன் வேற ரூம்ல.

ஏன்னு கேட்டா: 2010-ல ஹார்வர்டுல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் 2,250 பேரோட போன்ல நேரங்கெட்ட நேரத்துல மணி அடிக்கவிட்டு, 'இப்போ என்ன செய்யறே, மனசு எங்கே இருக்கு, எப்படி இருக்கே'ன்னு கேட்டாங்க. ஏறக்குறைய பாதி நேரம், 46.9 சதவீதம், மனசு செய்யற வேலையில இல்லை. அப்படி அலைஞ்ச நேரத்துல சந்தோஷமும் குறைவு.

இன்னொரு பழைய ஆய்வு, 1978-ல வந்தது. லாட்டரியில பெரிய தொகை ஜெயிச்ச 22 பேரைப் பிரிக்மன் குழு பேட்டி எடுத்துச்சு. மத்தவங்களைவிட அவங்க ஒண்ணும் பெரிசா சந்தோஷமா இல்லை. அது மட்டுமில்லை, அரட்டை, காலைச் சாப்பாடு மாதிரி சின்ன விஷயங்கள்ல அவங்களுக்குக் கிடைச்ச சுகமும் குறைஞ்சிருந்துது. பெரிசு வந்தா சிறுசுக்கு ருசி போயிடுது. அதனால சிறுசை இப்பவே பிடிச்சு வெச்சுக்கோ.

*தவிர்க்க வேண்டியது:* முதல்ல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு அப்புறம் குடிக்கிறது. அதுக்குள்ள ஆடை கட்டிடும்.

டிப்ஸ் 2: அஞ்சு உதவியையும் ஒரே நாள்ல வை

அடுத்தவங்களுக்கு நல்லது செஞ்சா நமக்கு மனசு குளிரும்னு பாட்டி சொன்னதுதான். ஆனா எப்படிச் செய்யணுங்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கலிபோர்னியாவுல சோன்யா லுபொமிர்ஸ்கி மாணவர்களை வாரத்துக்கு அஞ்சு உதவி செய்யச் சொன்னாங்க, ஆறு வாரத்துக்கு. சிலருக்கு அஞ்சும் ஒரே நாள்ல. சிலருக்கு வாரம் முழுக்கப் பரவலா. ஒரே நாள்ல செஞ்சவங்களுக்குத்தான் சந்தோஷம் கூடிச்சு. தினம் ஒண்ணுன்னா அது நாம வழக்கமா செய்யற வேலையோட கரைஞ்சு போயிடும் போல. சாம்பார்ல ஒரு துளி நெய் மாதிரி.

அதனால சனிக்கிழமையை வெச்சுக்கோ. மாடி வீட்டுப் பெரியவருக்கு மருந்து வாங்கிட்டு வா. வேலை செய்ய வர்ற அம்மாவோட மகளுக்கு ஃபார்ம் பூர்த்தி பண்ணிக் கொடு. பிரிஞ்சு போன தோழிக்குப் போன் போடு. வாரா வாரம் மாத்து. அதே அஞ்சைத் திரும்பத் திரும்பச் செஞ்சா அதுவும் கடமை லிஸ்ட்ல போய்ச் சேர்ந்துடும்.

காசு பெருசா வேணும்னு நினைக்காதே. 2008-ல கனடாவுல எலிசபெத் டன் குழு, காலையில ஆளுக்கு அஞ்சு டாலரோ இருபது டாலரோ கொடுத்து, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள செலவழிக்கச் சொல்லிச்சு. சிலர் தனக்கு, சிலர் அடுத்தவங்களுக்கு. அடுத்தவங்களுக்குச் செலவழிச்சவங்கதான் அதிக சந்தோஷமா இருந்தாங்க. அஞ்சா இருபதாங்கிறது முக்கியமா இல்லை.

*தவிர்க்க வேண்டியது:* ஏற்கெனவே மாமியார், நாத்தனார், ஆபீஸ்னு முதுகு ஒடிய உழைக்கிறவளுக்கு இந்த டிப்ஸ் கிடையாது. நீ நேரா டிப்ஸ் 1-ஐ மட்டும் செய், போ.

திருப்திக்கு

டிப்ஸ் 3: மூணு நல்ல விஷயம், பக்கத்துல 'ஏன்?'

ரொம்பப் பேர் கேள்விப்பட்டது, ரொம்பப் பேர் அரைகுறையா செய்யறது இதுதான். ராத்திரி படுக்கும் முன்னாடி, இன்னைக்கு நல்லா நடந்த மூணு விஷயம் எழுது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, 'இது ஏன் நடந்துது'ன்னு ஒரு வரி. அந்த 'ஏன்'ல தான் விஷயமே இருக்கு. 'தண்ணி வந்தது'ன்னு எழுதினா அது குழாய்க் கணக்கு. 'சாயங்காலம் பையன் தானா வந்து பள்ளிக்கூடக் கதை சொன்னான். ஏன்? இன்னைக்கு நான் வந்ததும் போனைக் கீழே வெச்சேன்' - இப்படி எழுதினாத்தான் நாளைக்கும் அதைச் செய்யலாம்னு புத்தியில ஏறும்.

செலிக்மன் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வுல, கடைசி வரைக்கும் நின்ன 411 பேருக்கு ஆளுக்கு ஒரு பயிற்சி, ஒரே ஒரு வாரம் மட்டும் கொடுத்தாங்க. சிலருக்கு 'தினம் ராத்திரி சின்ன வயசு நினைவை எழுது'ன்னு ஒப்புக்கு ஒரு வேலை. மூணு நல்ல விஷயம் எழுதினவங்களுக்குச் சந்தோஷம் கூடினதும், மனச்சோர்வு அறிகுறி குறைஞ்சதும் ஆறு மாசம் வரைக்கும் தெரிஞ்சுது. ஒரு வாரம் முடிஞ்ச பிறகும் தானாவே தொடர்ந்து எழுதினவங்களுக்குத்தான் அதிக பலன். இப்பவே உச்சாணிக் கொம்புல ஏறாதே, பாக்கியைக் கடைசியில சொல்றேன்.

குறுக்கு வழி: டைரி வாங்காதே! சுவர்ல தினசரி காலண்டர் இருக்கா? காலையில கிழிக்கிற தாளைக் கசக்கிப் போடாம, பின்பக்கத்துல அன்னைக்கு ராத்திரி எழுது. மூணு வரிக்கு மேல இடமே இருக்காது. நீயும் கதை அளக்க மாட்டே. ஒரு கிளிப்புல மாட்டி வை.

*தவிர்க்க வேண்டியது:* வருஷக்கணக்கா தினமும் எழுதறேன்னு சபதம் போடாதே. முதல் வாரம் தினமும் எழுது, அப்புறம் வாரம் ஒரு நாள் போதும். நல்லதை எண்ணிப் பார்க்கிற பயிற்சியை லுபொமிர்ஸ்கி இன்னொரு முறை வாரம் ஒரு தடவை, வாரம் மூணு தடவைன்னு ரெண்டாப் பிரிச்சுக் கொடுத்தப்போ, வாரம் ஒரு தடவை செஞ்சவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது. தினமும் பாயசம் வெச்சா பாயசமும் கஞ்சிதான்.

டிப்ஸ் 4: 'இது இல்லாமப் போயிருந்தா?'

இருக்கிறதை எண்ணிப் பார்த்தும் மனசு அசையலையா? கழிச்சுப் பாரு. உன் புருஷனையோ, உயிர்த்தோழியையோ நீ சந்திக்காமலே போயிருக்கலாம். அன்னைக்கு அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தா? அந்தக் கல்லூரியில சீட் கிடைக்காம இருந்திருந்தா? எப்படியெல்லாம் அது நடக்காமப் போயிருக்கலாம்னு பத்து நிமிஷம் எழுது.

2008-ல மின்கியோங் கூ குழு இதைச் சோதிச்சுது. நல்ல விஷயம் எப்படி நடந்துதுன்னு எழுதினவங்களைவிட, எப்படி நடக்காமப் போயிருக்கலாம்னு எழுதினவங்களுக்கு மனசு அதிகமா நிறைஞ்சுது. நாளாக ஆக நம்ம கைக்கு வந்த அதிர்ஷ்டமெல்லாம் சுவத்துல மாட்டின கடிகாரம் மாதிரி ஆயிடும். நின்னு போனாத்தான் அண்ணாந்து பார்ப்போம். இந்தப் பயிற்சி கடிகாரம் ஓடும்போதே ஒரு தரம் அண்ணாந்து பார்க்க வைக்கும்.

*தவிர்க்க வேண்டியது:* நடந்து முடிஞ்ச நல்லதைத்தான் கழிக்கணும். 'நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆயிட்டா'ன்னு எதிர்காலத்துக்குத் தாவினா அது பயிற்சி இல்லை, பயம். பதட்டம் உள்ளவங்க இந்தப் பக்கம் வராதீங்க.

மூழ்குறதுக்கு

டிப்ஸ் 5: கையில ஒரு புள்ளி அதிகமா வை

மிஹாய் சிக்சென்ட்மிஹாய்னு ஒருத்தர். பேரைச் சொல்லவே ரெண்டு நாள் பழகணும், ஆனா அவர் சொன்னது சுலபம். ஓவியர்கள், சதுரங்கம் ஆடறவங்க, மலையேறுறவங்க, அறுவை சிகிச்சை டாக்டர்கள் இவங்களையெல்லாம் விசாரிச்சு அவர் கண்டது இது: வேலை நம்ம திறமைக்குக் கீழே இருந்தா சலிப்பு, ரொம்ப மேலே இருந்தா பதட்டம். ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கற இடத்துல நம்மையே மறந்து போறோம்.

கோலத்தையே எடுத்துக்கோ. ஏழு புள்ளிக் கோலம் கண்ணை மூடிட்டுப் போடுவேன்னா, அதுல மூழ்க ஒண்ணுமில்லை. பதினஞ்சு புள்ளி வை. சிக்குக் கோலம் பழகு. தையல், கீபோர்டு, தோட்டம், கணக்கு, எதுவா இருந்தாலும் சரி, இன்னைக்குத் தெரிஞ்சதுக்கு மேல ஒரே ஒரு படி. அரை மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாதுன்னு வீட்ல சொல்லிடு.

ஒரு வேடிக்கை கேளு. சிக்சென்ட்மிஹாயும் ஜூடித் லெஃபெவரும் 1989-ல வெளியிட்ட ஆய்வுல, வேலைக்குப் போறவங்க இப்படி ஒன்றிப்போன நேரம் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்துலதான் அதிகம். ஆனா அந்த நேரத்துலயும் 'எப்போடா வீட்டுக்குப் போவோம்'னுதான் அவங்களுக்குத் தோணியிருக்கு! மனசுக்குத் தனக்கு எது நல்லதுன்னு எப்பவும் தெரியறதில்லை.

*தவிர்க்க வேண்டியது:* நடுவுல நிறுத்தி, 'இப்போ சந்தோஷமா இருக்கேனா'ன்னு கேட்டுப் பார்க்கிறது. மூழ்கியிருக்கும்போது சந்தோஷம் தெரியாது, வெளியே வந்த பிறகுதான் தெரியும். ரீல்ஸ் பார்க்கும்போதும் மணி போறது தெரியலையேன்னு மடக்காதே. அதுல உன் கைத்திறமைக்கு வேலை ஏது?

டிப்ஸ் 6: உன் பலத்தைப் புது இடத்துல போடு

கிறிஸ்டோபர் பீட்டர்சனும் செலிக்மனும் 2004-ல மனுஷ குணத்துல 24 பலங்களைப் பட்டியல் போட்டாங்க. ஆர்வம், தைரியம், நேர்மை, அன்பு, நகைச்சுவை, நன்றி, விடாமுயற்சி, இப்படி. உனக்கு எது தானா வரும்? தெரியலைன்னா உன்னை நல்லாத் தெரிஞ்ச மூணு பேரைக் கேளு. 'நான் எதுல கெட்டிக்காரி'ன்னு கேட்கக் கூச்சமா இருந்தா, 'என்னை எதுக்குக் கூப்பிடுவே'ன்னு கேளு. பதில் வந்துடும்.

வந்த பலத்தை ஒரு வாரத்துக்கு, தினமும் இதுவரைக்கும் போடாத ஒரு இடத்துல போடு. வீட்ல எல்லாரையும் சிரிக்க வைக்கிறவ நீயா? ஆபீஸ் மீட்டிங்ல ஒரு தரம் முயற்சி பண்ணு. திட்டம் போடுறதுல கெட்டியா? அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டவணை போட்டுக் கொடு.

2005 ஆய்வுலேயே இதுக்கும் ஆறு மாசப் பலன் தெரிஞ்சுது. ஆனா கவனி: பலத்தைக் கண்டுபிடிச்சுட்டு சும்மா இருந்தவங்களுக்கு அது நிலைக்கலை. புதுசாப் பயன்படுத்தினவங்களுக்குத்தான். ஆன்லைன் டெஸ்ட் எழுதி ரிசல்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அர்த்தத்துக்கு

டிப்ஸ் 7: ஒரு கடிதம் எழுது, நேர்ல போய்ப் படி

உனக்குப் பெரிய உதவி செஞ்சு, நீ ஒழுங்கா நன்றி சொல்லாமலே விட்ட ஒருத்தர். இருக்காங்கதானே? ஒரு பக்கம் எழுது. என்ன செஞ்சாங்க, அதனால நீ இன்னைக்கு எப்படி இருக்கேன்னு விவரமா. கொண்டு போய் நேர்ல படிச்சுக் காட்டு.

2005 ஆய்வுல ஒரே வாரத்துல சந்தோஷத்தைத் தூக்கி நிறுத்தினது இதுதான். மத்த எல்லாத்தையும்விடப் பெரிய ஏற்றம். ஆனா ஒரு மாசம் வரைக்கும்தான் தாங்கிச்சு. இதையே வாரா வாரம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பிறந்த நாள், பொங்கல்னு வருஷத்துக்கு ரெண்டு பேர்னு வெச்சுக்கோ.

கூச்சமா இருக்கா? அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு பேர் 2018-ல இதைத்தான் பார்த்தாங்க. கடிதம் எழுதுறவங்க, வாங்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அதிகமா கற்பனை பண்றாங்க. அவங்க எவ்வளவு சந்தோஷப்படுவாங்கங்கிறதைக் குறைச்சு எடை போடுறாங்க.

எனக்கும் அப்படித்தான். மூத்தவள் கைக்குழந்தையா இருந்தப்போ, எதிர்வீட்டு அத்தை ஆறு மாசம் அவளைப் பார்த்துக்கிட்டாங்க. அதனாலதான் என் வேலை போகாம நிலைச்சுது. பதினேழு வருஷம் கழிச்சு ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போனேன். ரெண்டாவது வரியிலேயே தொண்டை அடைச்சுடுச்சு. அவங்க வாங்கிப் படிச்சாங்க, மடிச்சாங்க, சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டு, 'சாப்பிட்டியா?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். பெரிய வார்த்தையெல்லாம் எதிர்பார்க்காதே, நம்ம ஊர்ல பதில் இப்படித்தான் வரும்.

*தவிர்க்க வேண்டியது:* வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வந்த 'நன்றி' படத்தை அனுப்புறது. அதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்.

டிப்ஸ் 8: நல்லபடியா வாழ்ந்திருக்கிற உன்னை எழுது

பத்து வருஷம் கழிச்சு எல்லாம் நல்லபடியா நடந்திருந்தா உன் வாழ்க்கை எப்படி இருக்கும்? வீடு, வேலை, உடம்பு, உறவு. இருபது நிமிஷம், நாலு நாள் எழுது. லாரா கிங் 2001-ல மாணவர்களை இப்படித்தான் எழுத வெச்சார். எழுதினவங்களுக்கு மனசு தெளிஞ்சுது, அஞ்சு மாசம் கழிச்சுப் பார்த்தா நோய்னு டாக்டர்கிட்ட போனதும் குறைஞ்சிருந்துது.

'கார், பங்களா'ன்னு விலைப்பட்டியல் எழுதாதே. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில யாரோட இருக்கே, என்ன செய்யறேன்னு எழுது. யாருக்காக இந்த ஓட்டம்னு அதுலயே தெரிஞ்சுடும். அந்தச் செவ்வாய்க்கிழமையில இருந்து ஒரே ஒரு துண்டை இந்த வாரமே செய்.

இதெல்லாம் பண்ணாதே

- கண்ணாடி முன்னால நின்னு பொய் சொல்லாதே. 'நான் எல்லாருக்கும் பிடிச்சவள்'னு நூறு தடவை சொன்னா சரியாயிடும்னு யாரோ சொன்னாங்களா? ஜோஆன் வுட் குழு 2009-ல சோதிச்சுப் பார்த்தப்போ, தன் மேல ஏற்கெனவே நம்பிக்கை குறைவா இருந்தவங்களுக்கு இது மனசை இன்னும் இறக்கிச்சு. உள்ளே ஒரு குரல் 'இல்லையே'ன்னு எதிர்ப்பாட்டு பாடும்ல?
- தினமும் சந்தோஷத்தை எடை போடாதே. சந்தோஷமா இருந்தே ஆகணும்னு ரொம்ப முக்கியத்துவம் கொடுக்கிறவங்க, நல்ல நேரத்துலயே ஏமாந்து போறாங்கன்னு ஐரிஸ் மாஸ் குழு 2011-ல காட்டிச்சு. விதை முளைச்சுதான்னு தினமும் தோண்டிப் பார்த்தா எங்கே முளைக்கும்? மாசத்துக்கு ஒரு தடவை பார், போதும்.
- எட்டையும் ஒண்ணாச் செய்யாதே. ஒரு டப்பா, ஒரு பயிற்சி, நாலு வாரம். பிடிக்கலைன்னா மாத்து.
- வீட்ல எல்லார் தலையிலும் கட்டாதே. 'இன்னைக்கு உங்களுக்கு நடந்த மூணு நல்லதைச் சொல்லுங்க'ன்னு அலுத்து வந்த மனுஷனை வாசல்லயே மடக்காதே. நீ செய். பார்த்துட்டுத் தானா வருவாங்க.
- நன்றியை வாய்ப்பூட்டா மாத்திக்காதே. அடிக்கிற புருஷனையும், சம்பளத்தை அமுக்குற முதலாளியையும் 'இருக்கிறதுக்கு நன்றி'ன்னு பொறுத்துக்கிறதுக்கு இந்தப் பயிற்சி இல்லை. அங்கே வேண்டியது நியாயம். நாலு பேர்கிட்ட சொல்லு, உதவி கேளு.
- மருந்தை நிறுத்தாதே. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லை, தூக்கம் இல்லை, உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னு தோணினா, பேனாவைக் கீழே வெச்சுட்டு டாக்டரைப் பாரு. இந்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

நேரமே இல்லைங்கிறவளுக்கு ஒரு வாரம்

- திங்கள் முதல் வெள்ளி: ஒரு காபி, அஞ்சு நிமிஷம், போன் இல்லாம.
- புதன் ராத்திரி: காலண்டர் தாள் பின்பக்கம் மூணு வரி, மூணு 'ஏன்'.
- சனி: மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அஞ்சு உதவி. மத்த ரெண்டுல உனக்கு லீவு.
- ஞாயிறு: அரை மணி நேரம் உன் கைவேலை. அந்த நேரத்துல சமையல் யார் செய்யறதுன்னு சனிக்கிழமையே பேசிடு.

எட்டையும் ஒண்ணாச் செய்யாதேன்னுட்டு இதென்ன நாலு வரின்னு மடக்குறியா? இது லிஸ்ட். இதுல உன் டப்பாவுக்கு ஏத்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கோ. அர்த்தம் குறையுதுன்னா டிப்ஸ் 7, 8-ல ஒண்ணு.

கடைசியா ஒரு நிஜம்

சொல்றேன்னு சொன்ன பாக்கி இதுதான். இதெல்லாம் செஞ்சா வாழ்க்கையே தலைகீழா மாறிடும்னு யாராவது கட்டணம் கேட்டா, பையைத் தூக்கிட்டு வந்துடு. 2013-ல லிண்டா போலியர் குழு 39 ஆய்வுகளை, மொத்தம் 6,139 பேரை, ஒண்ணாச் சேர்த்துப் பார்த்துது. பலன் இருக்கு, ஆனா சின்னது. அதுலயும் நல்ல உணர்வும் திருப்தியும் சேர்ந்த கணக்குல கொஞ்சம் கூடுதல். அர்த்தம், வளர்ச்சி பக்கம் அதைவிடக் குறைவு. ஏன்னு ஆய்வுக்காரங்க ஆயிரம் சொல்லட்டும், எனக்குத் தோணுறது இது: காபியை இன்னைக்கே ருசிக்கலாம், அர்த்தம் ஊறுகாய் மாதிரி. ஜாடியில போட்டுட்டுப் பொறுத்திருக்கணும்.

இன்னொண்ணும் இருக்கு. 2005 ஆய்வைக் கனடாவுல 2012-ல மறுபடி செஞ்சு பார்த்தாங்க. சின்ன வயசு நல்ல நினைவை எழுதச் சொன்ன ஒப்புக்கு வேலையும், சந்தோஷ விஷயத்துல அந்தப் பெரிய பயிற்சிகளுக்குச் சமமா நின்னுது! அதனால எந்தப் பயிற்சிக்குப் பேர் பெருசுன்னு அலையாதே. ஆத்தங்கரையில உங்க தாத்தா தோள்ல உட்கார்ந்து போனதை எழுதினாலும் சரிதான். உனக்குக் குறையுற டப்பா எதுன்னு தெரிஞ்சா போதும்.

என் டைரி என்ன ஆச்சுன்னு கேட்கலையே? பால் கணக்கு எழுதிட்டுத்தான் இருக்கேன். காலண்டர் தாள் கட்டு மட்டும் பீரோவுல தனியா இருக்கு. போன வாரம் ஒண்ணை உருவினேன். தேய்பிறை, ராகு காலத்துக்குப் பின்பக்கம், 'தங்கச்சி போன் பண்ணினா. ஏன்? நான் போன வாரம் பண்ணினேன்'னு இருந்துது.

நாளைக்குக் காலையில தாளைக் கிழிக்கும்போது கசக்கிப் போடாதே.